வீடு தேடி வந்த கூடைப்பந்தாட்டம்

ஓர் ஊரில் ஓர் ஆட்டம் நடைபெறுகிறது. அரங்கத்தில் பன்னீராயிரம் பேர் அமர்வதற்கு இடம் உண்டு. ஊரிலோ பத்து இலட்சம் மக்கள் வாழ்கின்றனர். ஆடுவது அவ்வூரின் பெயரைத் தாங்கிய அணி. அது வென்றால் ஊரே வென்றதாகக் களிக்கிறது. தோற்றால் ஊரே சோர்வு அடைகிறது. ஆயினும், நூற்றுக்கு ஒருவர்தாம் அவ்வாட்டத்தை நேரிற் காண இயலும். எஞ்சிய தொண்ணூற்றொன்பது பேரும் வீட்டிலிருந்தே அதனைக் காண்பது எங்ஙனம்?

வினா எளியது போலத் தோன்றும். ஆனால் அமெரிக்க நாட்டில் முக்கால் நூற்றாண்டிற்கும் மேலாக இவ்வினாவிற்கு விடை மாறிக்கொண்டே வந்திருக்கிறது. வானொலி வந்தது, தொலைக்காட்சி வந்தது, கம்பி வழியாகப் படங்கள் வந்தன, செயற்கைக்கோள் வந்தது, இணையம் வந்தது. கருவிகள் மாறின. ஆனால் இது கருவிகளின் கதை மட்டும் அன்று. யார் காணலாம், யார் காணலாகாது என்பதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வழக்கின் கதையும் ஆகும். தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத்தைச் சான்றாகக் கொண்டு அக்கதையை இன்று நோக்குவோம்.

கூடைப்பந்தாட்டத்திற்குத் தோற்ற நாள் உண்டு. தந்தையும் உண்டு. 1891-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர், பனிக்காலத்தில் கூரையின்கீழ் மாணவர்கள் ஆடுவதற்கென இவ்வாட்டத்தை வகுத்தார். பீச்சுப்பழம் வைக்கும் இரண்டு கூடைகளை உயரத்தில் மாட்டினார். அவ்வளவே தொடக்கம். கூரையின்கீழ்ப் பிறந்த ஆட்டம் ஆதலின், அதனைக் காண விரும்புவோரும் கூரையின்கீழ் வந்தாக வேண்டும். மைதானத்து மதிற்சுவர்மேல் ஏறியோ, அருகிலுள்ள மரக்கிளையில் அமர்ந்தோ காணும் வசதி இவ்வாட்டத்திற்கு இல்லை. வாயில் உண்டு, வாயிலில் காவல் உண்டு, கையில் சீட்டு வேண்டும்.

இதனை நன்கு உணர்ந்தவர்கள் அரங்க உரிமையாளர்கள். 1946-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் நியூயார்க் நகரில் ஒரு புதிய தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கம் அமைக்கப்பட்டது. அதை அமைத்தோர் பெரும்பாலும் பனிவளைகோல் ஆட்டத்திற்கான பெரிய அரங்கங்களை உடையவர்கள். வளைகோல் ஆட்டம் இல்லாத இரவுகளில் அரங்கங்கள் இருண்டு கிடந்தன. அவ்விருக்கைகளை நிரப்ப வேண்டும் என்பதே அவர்கள் கருத்து. முதல் ஆட்டம் அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாள் கனடாவின் டொரன்டோ நகரில் நடந்தது. நியூயார்க் அணி 68-க்கு 66 என்ற கணக்கில் வென்றது. 1949-இல் அச்சங்கம் மற்றொரு சங்கத்துடன் இணைந்து, என்.பி.ஏ. என்று இன்று உலகம் அறிந்த பெயரைப் பெற்றது. இருக்கைகளை நிரப்பப் பிறந்த சங்கம், வீட்டில் இருப்போரை ஐயத்துடன் நோக்கியதில் வியப்பில்லை. வீட்டில் இருந்தபடியே ஆட்டம் கிடைக்குமாயின், சீட்டு வாங்குபவர் யார்?

ஆயினும் வானொலியை அவர்கள் அஞ்சவில்லை. வானொலி ஆட்டத்தை முழுவதும் தருவதில்லை. ஆட்டத்தின்மேல் ஆசையைத் தருகிறது. ஆனால் கூடைப்பந்தாட்டத்தை வானொலியில் வருணிப்பது எளிதன்று. பந்து நொடிதோறும் கைமாறுகிறது. பத்துப் பேர் ஒருங்கே ஓடுகின்றனர். கேட்பவர் மனத்தில் ஆடுகளத்தின் வரைபடம் இருந்தால் அன்றி ஒன்றும் விளங்காது. நியூயார்க் அணியின் முதல் வருணனையாளராகிய மார்ட்டி கிளிக்மன் இக்குறையை நீக்கினார். களத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பெயரைப் பழக்கப்படுத்தி, பந்து எங்கே இருக்கிறது, யார் கையில் இருக்கிறது, எந்தத் திசையில் செல்கிறது என்பதைச் சொல்லிக்கொண்டே சென்றார். வளையத்தைத் தொடாமல் பந்து வலைக்குள் வழுக்கி விழும் ஓசையைக் குறிக்க அவர் வழங்கிய 'ஸ்விஷ்' என்ற சொல், இன்று ஆட்டத்தின் மொழியிலேயே கலந்துவிட்டது. இவர் 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் பந்தயத்திற்குச் சென்ற ஓட்டவீரர். யூதர் ஆகிய அவரும் மற்றொரு யூத வீரரும் தொடர் ஓட்டத்திலிருந்து கடைசி வேளையில் விலக்கப்பட்டனர். ஓட முடியாமற் போன அவர், பிறர் ஓடியதைச் சொற்களால் ஓடிக் காட்டினார் எனலாம்.

வானொலியின் பெருமைக்கு ஒரு சான்று போதும். 1962-ஆம் ஆண்டு மார்ச் 2-ஆம் நாள், பென்சில்வேனியா மாநிலத்தின் ஹெர்ஷி என்னும் சிற்றூரில் ஃபிலடெல்ஃபியா அணியும் நியூயார்க் அணியும் மோதின. அன்று வில்ட் சேம்பர்லின் என்ற வீரர் தாம் ஒருவராகவே 100 புள்ளிகள் எடுத்தார். இன்றுவரை வேறெவரும் எட்டாத எல்லை அது. அரங்கத்தில் இருந்தவர்கள் 4,124 பேர். தொலைக்காட்சி அங்கு வரவில்லை. அசையும் படம் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. எஞ்சியிருப்பது பில் கேம்பல் என்ற வருணனையாளரின் குரலே. அதுவும் ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதி மட்டும். அக்குரல் எவ்வாறு காக்கப்பட்டது? அன்றிரவு நெடுநேரம் கழித்து நிலையத்தார் அப்பகுதியை மறு ஒலிபரப்புச் செய்தனர். தொலைவில் ஒரு கல்லூரி விடுதியில் இருந்த மாணவர் ஒருவர் அதைத் தம் ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்காலத்தில் அப்பதிவு அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுக் களஞ்சியத்தில் இடம்பெற்றது. வீட்டில் இருந்து கேட்டவர் ஒருவர், வரலாற்றிற்கே காவலர் ஆனார்.

மூன்றாண்டு கழித்து, 1965-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள், பாஸ்டன் நகரில் இதனினும் நெஞ்சை அள்ளும் நிகழ்ச்சி ஒன்று நடந்தது. பாஸ்டன் அணி 110. ஃபிலடெல்ஃபியா அணி 109. ஐந்து நொடிகளே எஞ்சியிருந்தன. பந்தோ எதிரணியின் கையில். ஒரு முறை கூடையில் இட்டால் பாஸ்டனின் ஆட்சி முடிந்தது. எதிரணியார் பந்தைக் களத்துக்குள் எறிந்த கணத்தில் ஜான் ஹாவ்லிசெக் பாய்ந்து அதைத் தட்டிப் பறித்தார். அவ்வணியின் வானொலி வருணனையாளர் ஜானி மோஸ்ட் தொண்டை கிழியக் கூவிய கூவல், பின்னர் இசைத்தட்டாகவே விற்பனைக்கு வந்தது. கண்டவரைக் காட்டிலும் கேட்டவரே அக்கணத்தை மிகுதியாக நினைவிற் கொண்டனர்.

இனித் தொலைக்காட்சியைக் காண்போம். தொழில்முறைச் சங்கம் தோன்றுவதற்கு முன்பே கூடைப்பந்தாட்டம் திரையில் தோன்றிவிட்டது. 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள், நியூயார்க்கின் மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கில் நடந்த இரண்டு கல்லூரி ஆட்டங்களை என்.பி.சி. நிறுவனத்தின் சோதனை நிலையம் ஒளிபரப்பியது. முதல் ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் ஃபோர்டம் பல்கலைக்கழகத்தை 57-க்கு 37 என வென்றது. வீட்டிற் பெட்டி வைத்திருந்தோர் அந்நாளில் மிகச் சிலரே. 1953-இல் டூமான்ட் என்ற நிறுவனம் தொழில்முறை ஆட்டங்களை நாடு முழுவதற்கும் முறையாகக் காட்டத் தொடங்கியது. அடுத்த ஆண்டு என்.பி.சி. அப்பொறுப்பை ஏற்றது.

அந்த 1954-ஆம் ஆண்டிலேயே ஆட்டத்தின் விதியில் பெரியதொரு மாற்றமும் நிகழ்ந்தது. அதுவரை முன்னணியில் இருக்கும் அணி பந்தை எறியாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். 1950-இல் ஓர் ஆட்டம் 19-க்கு 18 என்ற கணக்கில் முடிந்தது என்றால், காண வந்தோரின் சலிப்பை நீங்களே எண்ணிப் பாருங்கள். சிரக்யூஸ் அணியின் உரிமையாளர் டானி பயசோன், பந்து கைக்கு வந்த 24 நொடிகளுக்குள் கூடையை நோக்கி எறிந்தாக வேண்டும் என்ற விதியைக் கொண்டுவரச் செய்தார். நல்ல ஆட்டம் ஒன்றில் இரு அணிகளும் சேர்ந்து சுமார் 120 முறை எறிகின்றன, ஆட்ட நேரம் 48 நிமிடம், அதாவது 2,880 நொடி, வகுத்தால் 24. பள்ளிச் சிறுவனும் செய்யக்கூடிய கணக்கு. ஆனால் அக்கணக்கே ஆட்டத்திற்கு உயிர் கொடுத்தது. அரங்கில் இருந்தோர்க்கும் வீட்டில் இருந்தோர்க்கும் ஒருங்கே கண்ணுக்கு இனிய ஆட்டம் பிறந்தது.

கண்ணுக்கு இனியதாக ஆனவுடன் பழைய அச்சம் தலையெடுத்தது. பல அணிகள், வெளியூரில் ஆடும் ஆட்டங்களை மட்டும் தம் ஊர்த் தொலைக்காட்சிக்குத் தந்தன. சொந்த ஊரில் ஆடுபவற்றை மறைத்தன. இவ்வாறு மறைப்பதற்கு 'இருட்டடிப்பு' என்று பெயர். 1961-ஆம் ஆண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடி கையொப்பமிட்ட விளையாட்டு ஒளிபரப்புச் சட்டம், ஒரு சங்கத்தின் அணிகள் அனைத்தும் ஒன்று சேர்ந்து ஒளிபரப்பு உரிமையை விற்பதற்கு இசைவு அளித்தது. உள்ளூரில் ஆடும் நாளில் உள்ளூர்த் திரையை மறைப்பதற்கும் அதில் இடம் இருந்தது. இதன் விளைவாகத் தொலைவில் வாழ்பவன் கண்ட ஆட்டத்தை, அரங்கத்தின் எதிர்த்தெருவில் வாழ்பவன் காண முடியாமற் போயிற்று!

மக்கள் முறையிட்டனர். 1973-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. தேசிய ஒளிபரப்பில் இடம்பெறும் ஆட்டத்திற்கு 72 மணி நேரத்திற்கு முன்பே சீட்டுகள் அனைத்தும் விற்றுவிட்டால், உள்ளூரில் அதனை மறைக்கக் கூடாது என்பது அச்சட்டம். அதன் நியாயம் தெளிவானது. இருக்கை நிறைந்த பின்னர், வீட்டில் காண்பவனால் உரிமையாளருக்கு நேரும் இழப்பு யாது? ஆனால் அச்சட்டத்தின் ஆயுள் 1975-ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்தது.

இனி, மறைக்காமலே ஆட்டம் மறைந்துபோன கதை ஒன்றையும் கூற வேண்டும். 1980-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் ஃபிலடெல்ஃபியாவில் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். லாஸ் ஏஞ்சலஸ் அணியின் தூண் ஆகிய கரீம் அப்துல் ஜப்பார் கணுக்கால் காயத்தால் வரவில்லை. அவர் இடத்தில் ஆடத் தொடங்கினார் மாஜிக் ஜான்சன் என்னும் இருபது வயது இளைஞர். அவருக்கு அதுவே முதல் ஆண்டு. அவர் 42 புள்ளிகள் எடுத்துத் தம் அணிக்கு வாகை சூட்டினார். இத்தகைய ஆட்டத்தை நாடு எவ்வாறு கண்டது? சில நகரங்கள் நீங்கலாக, நாட்டின் பெரும்பகுதியில் சி.பி.எஸ். நிறுவனம் அதனை நாடாவிற் பதிந்து வைத்து, இரவு பதினொன்றரை மணிக்குமேல் காட்டியது. மாலை வேளையை வழக்கமான தொடர்கதைகளுக்கு விட்டது. இவ்வாட்டத்தால் மிகுதியான மக்களை ஈர்க்க இயலாது என்று வணிகர் கருதினர். 1982 முதல் இறுதித் தொடர் முழுவதும் நேரடியாகவே ஒளிபரப்பாகத் தொடங்கியது.

இதற்கிடையே கம்பிவழித் தொலைக்காட்சி என்னும் கேபிள் வளர்ந்தது. மேடிசன் சதுக்கத் தோட்ட அரங்கின் ஆட்டங்களை 1969 முதலே நியூயார்க் மக்கள் சிலர் கம்பி வழியாகக் கண்டனர். அட்லான்டா நகரின் டெட் டர்னர் தம் சிறிய நிலையத்தின் நிகழ்ச்சிகளை 1976 டிசம்பரில் செயற்கைக்கோள் வழியாக நாடெங்கும் அனுப்பினார். அடுத்த மாதமே அவ்வூர்க் கூடைப்பந்து அணியையும் விலைக்கு வாங்கினார். நிலையத்திற்கு நிகழ்ச்சி வேண்டும். அணிக்கு நிலையம் வேண்டும். இரண்டும் ஒருவர் கையில் இருந்தால் என்ன என்பது அவர் எண்ணம். லாஸ் ஏஞ்சலஸ் அணியின் உரிமையாளர் ஜெரி பஸ்ஸும் 1985-இல் கேபிள் தொழிலில் வல்ல பில் டேனியல்ஸ் என்பவருடன் கூடி வட்டார விளையாட்டு அலைவரிசை ஒன்றைத் தொடங்கினார்.

வட்டார அலைவரிசை உள்ளூர் ரசிகனுக்குப் பெருநன்மை செய்தது என்பதை மறுக்க இயலாது. முன்பு மறைக்கப்பட்ட சொந்த ஊர் ஆட்டங்களும் ஏறக்குறைய அனைத்தும் திரைக்கு வந்தன. அதற்கான பணம் எங்கிருந்து வந்தது? கேபிள் இணைப்புப் பெற்ற ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்தது. ஆட்டத்தைக் காணாத பாட்டியும் தம் மாதக் கட்டணத்தில் ஒரு பகுதியை அணிக்குச் செலுத்தினார். எல்லோரும் கேபிள் வைத்திருக்கும்வரை இந்த ஏற்பாடு தளரவில்லை. அணிகள் செல்வத்தில் வளர்ந்தன. ஆனால் கம்பி இல்லாத ஏழை வீட்டின் திரை மட்டும் இருண்டது. பழைய இருட்டடிப்பு சட்டத்தால் நேர்ந்தது. புதிய இருட்டடிப்பு கட்டணத்தால் நேர்ந்தது.

போர்ட்லண்ட் நகரின் வரலாறு இவை அனைத்தையும் ஓரிடத்திற் காட்டும் கண்ணாடி. அவ்வூர் அணி 1977-இல் வாகை சூடியது. அவ்வாண்டு ஏப்ரல் முதல் 1995 வரை, தொடர்ந்து 814 ஆட்டங்களுக்கு அரங்கத்தில் ஓர் இருக்கையும் காலியாக இல்லை. அதே காலத்தில் பில் ஷோன்லி என்பவர் வானொலியில் அவ்வாட்டங்களை வருணித்து வந்தார். அவர் வழங்கிய சொற்கள் ஊர்மக்கள் நாவில் நிலைத்தன. வீட்டில் கேட்பதால் அரங்கம் காலியாகும் என்ற அச்சம் அவ்வூரிற் பொய்த்தது. ஆனால் 2007-இல் அவ்வணியின் ஆட்டங்கள் ஒரு கேபிள் நிறுவனத்தின் அலைவரிசைக்குச் சென்றன. செயற்கைக்கோள் நிறுவனங்களோடு உடன்பாடு ஏற்படாமையால், கிண்ண ஏரியல் வைத்திருந்த வீடுகள் ஆண்டுக்கணக்கில் சொந்த அணியைக் காண முடியவில்லை.

டென்வர் நகரில் நிகழ்ந்தது இதனினும் கொடியது. அவ்வூர் அணியும் அதன் ஆட்டங்களைக் காட்டும் அலைவரிசையும் ஒரே குடும்பத்தாருக்கு உரியவை. ஊரின் மிகப் பெரிய கேபிள் நிறுவனத்திற்கும் அவ்வலைவரிசைக்கும் கட்டணத்தைப் பற்றிய பூசல் 2019-இல் மூண்டது. நிறுவனம் அலைவரிசையை நீக்கியது. ஐந்தாண்டுகளுக்கும் மேலாக அப்பூசல் நீடித்தது. அந்த ஆண்டுகளிலேதான் நிகோலா யோகிச் என்ற வீரர் மும்முறை சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பட்டம் பெற்றார். 2023-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அவ்வணி தன் வரலாற்றில் முதன்முறையாக வாகை சூடியது. இறுதித் தொடர் பொதுத் தொலைக்காட்சியில் வந்தது. அதனை யாவரும் கண்டனர். ஆனால் அந்த வெற்றிக்கு வழி வகுத்த பருவகால ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை அவ்வூரின் எண்ணற்ற வீடுகள் கண்டதில்லை. 2025 பிப்ரவரியிலேதான் உடன்பாடு ஏற்பட்டது.

இத்துடன் ஒரு விந்தையையும் கூற வேண்டும். 1994-ஆம் ஆண்டு தொடங்கிய பருவத்திலிருந்து, பிற ஊர் ஆட்டங்களைத் தனிக் கட்டணத்திற் காணும் திட்டம் ஒன்றைச் சங்கம் நடத்தி வருகிறது. பிற்காலத்தில் அது இணையத்திற்கும் வந்தது. ஆனால் சந்தாதாரர் வாழும் ஊரின் அணி ஆடும் ஆட்டம் மட்டும் அதில் மறைக்கப்படும். அவ்வுரிமை வட்டார அலைவரிசைக்கு விற்கப்பட்டுவிட்டது. டென்வர் அணியின்மேல் அன்புடைய ஒருவர் நியூயார்க்கில் வாழ்ந்தால் அதன் ஆட்டங்களிற் பெரும்பாலானவற்றைக் காணலாம். டென்வரிலேயே வாழ்ந்தால் அத்திட்டத்தின் வழியாக ஒன்றையும் நேரலையிற் காண இயலாது. அண்மையில் இருப்பதே குற்றம் ஆயிற்று!

கேபிள் ஏற்பாடு எல்லா வீடுகளும் பணம் செலுத்தும்வரைதான் நிற்கும் என்று முன்னர்க் கூறினோம். இணையத்தின் வரவால் மக்கள் கேபிள் இணைப்பைக் கைவிடத் தொடங்கினர். வட்டார அலைவரிசைகளிற் பலவற்றை உடைய டயமண்ட் என்னும் நிறுவனம் 2023 மார்ச் மாதம் கடன் தீர்க்க இயலாமல் நீதிமன்றத்தை நாடியது. பதினாறு கூடைப்பந்து அணிகளின் உள்ளூர் உரிமை அதன் கையில் இருந்தது. அப்போது ஃபீனிக்ஸ் அணி ஒரு துணிவான முடிவுக்கு வந்தது. கட்டணமின்றி யாவரும் காணும் பொதுத் தொலைக்காட்சிக்கே திரும்பியது. காணக்கூடிய வீடுகள் 28 இலட்சத்திற்கு மேல் உயர்ந்தன என்று அறிவித்தது. அவ்வளவில் நில்லாது, வேண்டியவர்களுக்கு ஏரியல்களையும் இலவசமாக வழங்கியது. யூட்டா மாநிலத்து அணியும் அதே ஆண்டில் அவ்வழியே சென்றது. இணையத்தில் காண விரும்புவோருக்குத் தனிச் சந்தாவும் வகுத்தது. 2024-இல் போர்ட்லண்ட் அணியும் பொதுத் தொலைக்காட்சிக்குத் திரும்பியது.

ஆகவே, 1950-களில் கூரைமேல் ஏரியலை நட்டவர் கண்ட வழிக்கே சில ஊர்கள் சுற்றி வந்து சேர்ந்துள்ளன. ஆனால் கதை அத்துடன் முடிந்துவிட்டது என்று கருதலாகாது. 2025-இல் தொடங்கிய பருவத்திலிருந்து பதினோராண்டுகளுக்கு, சுமார் 7,600 கோடி டாலர் மதிப்பில், தேசிய ஒளிபரப்பு உரிமையை மூன்று பெரிய நிறுவனங்கள் பெற்றுள்ளன. அவற்றுள் ஒன்று இணையத்தில் மட்டுமே காட்டும் நிறுவனம். ஓர் அணியின் எல்லா ஆட்டங்களையும் காண விரும்பும் குடும்பம், ஒன்றை இலவசமாகவும் மற்றொன்றை ஒரு சந்தாவிலும் வேறொன்றை இன்னொரு சந்தாவிலும் தேடிக் காண வேண்டிய நிலை தோன்றியுள்ளது.

மாணவர்களே, இவ்வரலாற்றிலிருந்து நாம் அறியத் தக்கவை இரண்டு. முதலாவது: அறிவியல் கதவைச் செய்து தருகிறது, திறவுகோலை மனிதரே வைத்திருக்கின்றனர். 1940-லேயே ஆட்டத்தை வீட்டிற்கு அனுப்பும் வழியை அறிவியல் கண்டுவிட்டது. அதற்குப் பின் வந்த தடைகளிற் பல கருவியின் குறையால் வந்தவை அல்ல. ஒப்பந்தத்தால் வந்தவை, அச்சத்தால் வந்தவை, கட்டணத்தால் வந்தவை. புதிய கருவி ஒன்று வரும்போதெல்லாம், இஃது என்ன செய்யும் என்று கேட்பதோடு, இது யாருக்குச் செய்யும் என்றும் கேட்பது கற்றோர் கடமை.

இரண்டாவது: உரிமையாளர்களின் அச்சத்தில் ஒரு நியாயம் இருந்தது. வீரர்க்கு ஊதியம் வேண்டும். அரங்கிற்குச் செலவு உண்டு. பணமின்றித் தொழில் நடவாது. ஆனால் ஊரின் அன்பு இன்றியும் அணி வாழாது. காணாத ஒன்றின்மேல் சிறுவர்க்கு அன்பு பிறப்பதில்லை. இன்று வீட்டில் கட்டணமின்றி ஆட்டத்தைக் காணும் பத்து வயதுச் சிறுவனே, பிற்காலத்தில் சீட்டு வாங்கி அரங்கத்திற்கு வரும் பெரியவன். அவனுக்குக் கதவை அடைத்துச் சேர்த்த பணம் சில ஆண்டுகளுக்கு வரும், பின்னர் வாராது. ஏரியலை இலவசமாக வழங்கிய அணி இதனை உணர்ந்தே வழங்கிற்று எனலாம். ஊரின் பெயரை அணிந்து ஆடும் அணிக்கு, அவ்வூரார் தன்னைக் காண்பதற்கு வழி செய்வதும் ஆட்டத்தின் ஒரு பகுதியே ஆகும்.